வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் போதும்: மின்தடையும் வாட்டும் கண்டுபிடிப்பது எப்படி?

வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் மல்டிமீட்டரைப் புதிதாக வாங்கியவர்கள் பலரும் முதலில் ஒரு பல்பை எடுத்து, ஓம் அளவில் வைத்துப் பார்ப்பார்கள். வருகிற எண்ணைக் கொண்டு கணக்குப் போட்டால், பல்பில் அச்சடித்திருக்கும் வாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை. எரியாத பல்பின் மின்தடை வேறு, எரிகிற பல்பின் மின்தடை வேறு. அதனால் வேலை செய்யும்போதே வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து, அவற்றிலிருந்து மின்தடையைக் கணக்கிடுவதுதான் சரியான வழி.

தேவையான சூத்திரங்கள் இரண்டுதான்:

மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)
மின்திறன் (வாட்) = மின்னழுத்தம் × மின்னோட்டம்

பழகுவதற்கு 12 வோல்ட் பைக் பேட்டரி, 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, ஒயர், 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போதும். ஃபியூஸைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரிலேயே சேர்த்துவிடுங்கள். வீட்டு 230 வோல்ட் லைனில் இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

படி 1: வோல்ட்

பல்பை எரியவிடுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, அதன் ஒயர் நுனிகளில் உள்ள இரண்டு புரோபையும் பல்பின் இரு முனைகளில் தொடுங்கள். சும்மா இருக்கும் பேட்டரி 12.6 காட்டும்; பல்பு எரியும்போது சற்று இறங்கும். நமக்கு வேண்டியது இறங்கிய எண்தான். 12.2 வோல்ட் வந்ததாக வைத்துக்கொள்வோம்.

படி 2: ஆம்பியர்

இங்கேதான் நிறையப் பேர் மீட்டரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆம்பியரை அளக்க, மின்சாரம் மீட்டருக்குள்ளேயே புகுந்து வெளியே வர வேண்டும். சிவப்பு புரோபை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். பேட்டரியிலிருந்து பல்புக்குப் போகும் ஒயரை ஓரிடத்தில் பிரித்து, அந்த இடைவெளியில் மீட்டரைச் சேருங்கள். இந்த நிலையில் இரண்டு புரோபையும் பேட்டரியின் இரு முனைகளில் வைத்துவிடாதீர்கள். மீட்டரின் மின்தடை அப்போது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கும். நேரடி ஷார்ட் சர்க்யூட்தான். விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றில் இந்தத் துளைக்கு உள்ளே ஃபியூஸே கிடையாது.

1.76 ஆம்பியர் வந்தது என்போம். அளந்த கையோடு சிவப்பு புரோபை வோல்ட் துளைக்குத் திருப்பிவிடுங்கள். எண் மில்லி ஆம்பியரில் வந்தால் 1000-ஆல் வகுத்த பிறகே சூத்திரத்தில் போட வேண்டும்.

இரண்டு அளவையும் அடுத்தடுத்து எடுத்துவிடுங்கள். நேரம் போகப் போகப் பேட்டரி இறங்கும். மேலே உள்ள மின்தடைச் சூத்திரத்துக்கு அடிப்படையான விதியை 1827-இல் நூலாக வெளியிட்ட ஜெர்மானியர் ஜார்ஜ் ஓமுக்கும் இதே சிக்கல் இருந்தது. அவர் முதலில் பயன்படுத்திய மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்கவில்லை. இரு வேறு உலோகங்களின் இணைப்புகளுக்கு இடையிலான வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்னழுத்தம் தரும் வெப்ப மின்னிரட்டைக்கு மாறிய பிறகுதான் அளவுகள் ஒழுங்காக வந்தன.

படி 3: கணக்கு

12.2 ÷ 1.76 = 6.93 ஓம்.
12.2 × 1.76 = 21.5 வாட்.

பல்பில் போட்டிருக்கும் 21 வாட்டோடு ஒத்துப்போகிறது. இப்போது பேட்டரியைக் கழற்றி, பல்பை ஆறவிட்டு, ஓம் அளவில் பாருங்கள். ஒரு ஓம்கூட வராது. டங்ஸ்டன் இழை வெள்ளையாகக் காயும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறுகிறது. ஆறிய இழையில் சுவிட்ச் போட்ட கணத்தில் மின்னோட்டம் சட்டென்று உயர்ந்து, உடனே அடங்குகிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே பீஸ் போவது இதனால்தான்.

வீட்டு ஹீட்டருக்கு இதே கணக்கு

தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் ராடில் '230 வோல்ட், 1500 வாட்' என்று இருக்கிறது. அளக்கவே வேண்டாம், எண்களே போதும். 1500 ÷ 230 = 6.52 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு இது அதிகம், 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் போட வேண்டும். மின்தடை: 230 ÷ 6.52 = 35.3 ஓம்.

மாலையில் லைன் வோல்டேஜ் 200-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். 200 × 6.52 என்று போட்டு 1304 வாட் என்பார்கள் சிலர். தவறு. வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரும் சேர்ந்தே குறையும். மாறாமல் நிற்பது மின்தடை. ஹீட்டரின் நிக்ரோம் கம்பி சூடானாலும் அது அதிகம் மாறாது. ஆக, 200 ÷ 35.3 = 5.67 ஆம்பியர். 200 × 5.67 = 1134 வாட். வோல்டேஜ் இறங்கியது 13 சதவீதம், சூடு குறைந்தது 24 சதவீதம். அதே ஒரு வாளித் தண்ணீர் காய ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் கூடுதலாகும். பெட்டியில் எழுதியிருக்கும் வாட், அதில் எழுதியிருக்கும் வோல்ட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

எங்கே இது செல்லாது?

ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார் பம்ப் போன்றவற்றில் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் உண்மையான வாட்டைவிடக் கூடுதலாக வரும். மாறுமின்னோட்டத்தில் அங்கே மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை. பவர் ஃபேக்டரையும் (உண்மையான வாட்டுக்கும் வோல்ட்-ஆம்பியர் பெருக்கத்துக்கும் உள்ள விகிதம்) சேர்த்துப் பெருக்க வேண்டும். எல்இடிக்கு நிலையான மின்தடை என்று ஒன்று இல்லை, வோல்ட் கொஞ்சம் ஏறினாலும் ஆம்பியர் எக்கச்சக்கமாக ஏறிவிடும். ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, கெட்டில் ஆகியவற்றுக்கு மேலே சொன்ன கணக்கைத் தயங்காமல் போடலாம்.