கொழும்புச் சைட்டுகளில் சேஃப்டி பயிற்சி: கேட்பவரைத் தூங்க வைக்கும் தவறுகள்

பயிற்சி சலிப்பாக இருந்தால் என்ன, கையெழுத்து வாங்கியாயிற்றே என்று நினைப்பதுதான் கட்டட சைட்டுகளில் நடக்கும் முதல் தவறு. "ஹெல்மெட் போடுங்க, பெல்ட் போடுங்க, கவனமா வேலை செய்யுங்க" என்ற அதே மூன்று வரியை ஆறு மாதம் தினமும் கேட்டவர்களுக்குக் காது தானாக அடைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள், "இன்றைக்கு ஏழாம் மாடியில் டக்ட் (குழாய்கள் இறங்கும் குழி) வாய் திறந்திருக்கிறது, அந்தப் பக்கம் போகாதீங்க" என்று உயிர் காக்கும் செய்தியைச் சொன்னாலும், அதுவும் அந்த மூன்று வரியோடு சேர்ந்து போய்விடும். இதற்கு வேலையாளைக் குறை சொல்ல முடியாது. பயிற்சியை நடத்துபவர்தான் பொறுப்பு.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வது அடுத்த பிழை. காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் சின்னப் பாதுகாப்புப் பேச்சான டூல்பொக்ஸ் டோக்குக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதற்குள் தீ, மின்சாரம், உயரம், கிரேன், இரசாயனம் என்று ஓடினால் ஒன்றும் தங்காது. அன்றைக்குச் செய்யப்போகும் ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி வெட்டும் நாளென்றால், பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிரைண்டரை எல்லோர் கையிலும் கொடுங்கள். டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் வேகத்தை ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். 100 மில்லிமீற்றர் டிஸ்க்கில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 15,200 சுற்று என்றிருக்கும். 180 மில்லிமீற்றர் (ஏழு அங்குல) டிஸ்க்கில் 8,500. நான்கு அங்குல கிரைண்டரோ ஏறத்தாழ 11,000 முதல் 12,000 வரை சுற்றும். காவல் மூடியைக் கழற்றிவிட்டு, வாஷர் வைத்து ஏழு அங்குல டிஸ்க்கை அதில் மாட்டினால் என்ன நடக்கும் என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடும்: டிஸ்க் தன் எல்லையைத் தாண்டிச் சுற்றும், வெடிக்கலாம், துண்டுகள் முகத்துக்கு நேரே வரலாம்.

அதே கையோடு நடுவிலுள்ள உலோக வளையத்தையும் காட்டுங்கள். அதில் காலாவதித் திகதி இருக்கும். டிஸ்க்கைப் பிணைத்திருக்கும் பசை ஈரத்தில் பலம் இழக்கும் என்பதால் தயாரிப்பாளர்கள் பொதுவாக 3 வருடம்தான் கொடுக்கிறார்கள். கடற்காற்று அடிக்கும் கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் டிஸ்க்கை இரவு முழுக்க ஈரத் தரையில் போட்டுவைப்பது இன்னும் மோசம். பழைய சோனகத் தெருவில் மலிவாகக் கிடைத்தது என்று மொத்தமாக வாங்கி வருபவரும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் திகதியைத்தான். வெட்டும் டிஸ்க்கைப் பக்கவாட்டில் வைத்து உராயக்கூடாது. புதிதாக மாட்டியதை, முன்னால் ஆளில்லாத திசையில், ஒரு நிமிடமாவது சும்மா ஓடவிட வேண்டும். இவ்வளவும் ஏழு நிமிட வேலை. பொருள் கையில் இருப்பதால் யாருக்கும் தூக்கம் வராது.

மொழிப் பிழைதான் எங்களை மிகவும் வருத்துவது. மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து கொழும்பில் வேலை செய்பவர்கள் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம் பேசுவார்கள். அதை நம்பிப் பயிற்சி முழுவதையும் சிங்களத்திலேயே நடத்திவிட்டு, முடிவில் "தேருணாத?" (விளங்கியதா?) என்று கேட்டால் எல்லோரும் "ஓவ்" என்று தலையாட்டத்தான் செய்வார்கள். விளங்கவில்லை என்று நாற்பது பேர் முன்னால் யார் சொல்வார்? பக்கத்தில் நிற்கும் இளம்பையனைத் திடீரென்று மொழிபெயர்க்கச் சொல்வதும் பயனில்லை. வேலை தெரிந்த மேசன் பாஸ் ஒருவரிடம் முதல்நாள் மாலையே விஷயத்தைச் சொல்லிவையுங்கள். இரண்டு மொழியில் சொல்ல இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஆகவே விஷயத்தைப் பாதியாக்குங்கள். "விளங்கியதா" என்று கேட்காமல், "செய்து காட்டுங்க" என்று கேளுங்கள். எச்சரிக்கைப் பலகை அடிக்கும் முன் தமிழ் வாசிக்கும் வேலையாள் ஒருவரிடம் காட்டுவதற்கு ஐந்து நிமிடம்கூடப் போகாது.

அளவைச் சொல்லாமல் கட்டளையை மட்டும் சொல்வதும் பரவலான தவறு. உயரத்தில் வேலை செய்பவர்களிடம் "பெல்ட் போடு" என்றால் போடுவார்கள். கொக்கியை எங்கே மாட்டுவது? கயிறு 2 மீற்றர். அதிர்ச்சி தாங்கும் பை பிரிந்தால் 1.75 மீற்றர் வரை நீளலாம். முதுகு வளையத்திலிருந்து கால்வரை 1.5 மீற்றர். பாதுகாப்புக்காகக் கூடுதலாக 1 மீற்றர். மொத்தம் 6.25. அதாவது கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே அவ்வளவு வெற்றிடம் வேண்டும். மூன்று மீற்றர் உயரத்தில் காலடியிலேயே மாட்டியவர், கயிறு பிடிக்கும் முன்பே தரையில் இருப்பார். அந்த உயரத்தில் பெல்ட்டை நம்பாமல் கைப்பிடி வேலி கட்ட வேண்டும். அளவுநாடாவைக் கொடுத்து 6.25 மீற்றரைச் சுவரில் சோக்கால் குறிக்கச் செய்யுங்கள், வருடக்கணக்கில் நினைவிருக்கும்.

விழுந்து தொங்குபவரை இறக்குவது யார் என்பதையும் அன்றே முடிவு செய்ய வேண்டும். தொங்கும்போது இரத்தம் காலில் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். 1990 அம்புலன்ஸையும் 110 தீயணைப்புப் படையையும் உடனே கூப்பிடுங்கள்; ஆனால் அவர்கள் காலி வீதி நெரிசலைக் கடந்து வரும்வரை ஆளை அப்படியே தொங்கவிட முடியாது. ஏணிக்கு ஒரு கணக்குப் போதும்: நான்கு அடி உயரத்துக்கு அடிப்பக்கம் ஓரடி வெளியே, மேலே ஏறும் தளத்தைத் தாண்டி ஒரு மீற்றர்.

மின்சாரப் பயிற்சியில் பேச்சே வேண்டாம். மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டுங்கள். விழாவிட்டால் அந்த போர்டை அன்று பாவிக்கக்கூடாது. விழுந்தாலும், உள்ளே பொறி வேலை செய்கிறது என்பது மட்டும்தான் உறுதி. எர்த் சரியா என்பதை வயரிங்காரர் மீற்றர் வைத்துத்தான் சொல்ல முடியும். பிளக் இல்லாமல் குச்சி வைத்து வயரைச் செருகும் பழக்கத்தைத் திட்டி நிறுத்த முடியாது. போதிய பிளக்குகளை வாங்கி ஸ்டோரில் வையுங்கள்.

இருபது வருடம் வேலை செய்த பாஸுக்கும் நேற்று வந்த கையாளுக்கும் ஒரே பாடம் நடத்தினால், மூத்தவர் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார். "பாஸ், இந்த ஷட்டரிங்கை (கொன்கிரீட் அச்சுப் பலகையை) நீங்க எந்தப் பக்கமிருந்து கழற்றுவீங்க?" என்று கேளுங்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் அவரிடம் நிறைய இருக்கும். ஆனால் சொன்னதற்காகத் தண்டப்பணம் வெட்டினால், அடுத்த முறை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கொன்கிரீட் பம்ப் ஓடும்போதோ, மதியச் சோற்றுக்குப் பிறகு கொன்டெய்னர் ஒஃபிசில் ப்ரொஜெக்டர் போட்டோ பயிற்சி வைக்காதீர்கள். பதினைந்து பேருக்கு மேல் என்றால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். பேச்சு தொடங்கும் முன் கையெழுத்துத் தாளைச் சுற்றவிட வேண்டாம். தாளில் பெயரோடு, யார் என்ன குறை சொன்னார், அதை யார் எப்போது சரிசெய்வார் என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

மழை மாதங்களில் ஒரு பேச்சை டெங்குக்கு ஒதுக்குங்கள். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும், ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரை அகற்றியே ஆக வேண்டும். லிஃப்ட் குழி, கியூரிங்குக்காக (கொன்கிரீட்டை ஈரமாக வைக்க) ஊற்றிய தண்ணீர் தேங்கிய சிலேப், கவிழ்க்காத பெயின்ட் வாளி: ஒவ்வொன்றையும் சனிக்கிழமை வேலை முடியும் முன் யார் பார்ப்பது என்று ஆளின் பெயரோடு குறித்துவிடுங்கள்.