"நீ பெரியவன்தானே, விட்டுக்கொடு" என்று சொல்வதில் என்ன தவறு?

பிள்ளைகளுக்கு நியாயம் சொல்லித்தர நினைக்கும் பெற்றோர் முதலில் கையில் எடுப்பது சரிபாதிக் கணக்கைத்தான். ஒருத்திக்குச் செருப்பு வாங்கினால் தம்பிக்கும் ஒரு ஜோடி. அப்போதைக்கு அழுகை நிற்கும். ஆனால் அக்காவுக்கு என்ன கிடைத்தது என்று அளந்து பார்க்கும் பழக்கம் அவனுக்கு அன்றே ஒட்டிக்கொள்ளும். "அவளுடையது காலுக்குச் சிறியதாகிவிட்டது, உனக்குச் சிறியதானால் உனக்கும் வாங்குவோம்" என்று காரணத்தைச் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் முரண்டு பிடிப்பான், பரவாயில்லை.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது, தலைப்பில் இருக்கும் அந்த வசனம். பொம்மையை முதலில் எடுத்தது பெரியவன். சின்னவள் அழுகிறாள் என்பதற்காக அதை அவனிடமிருந்து வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். முன்னால் பிறந்ததே தப்பு என்று அவனுக்குத் தோன்றும். குரலை உயர்த்தினால் காரியம் நடக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிடும். அவன் ஆடி முடிக்கட்டும், அதுவரை அவள் காத்திருக்கட்டும். அழுதாலும்தான்.

வயதுக்கு மீறி எதிர்பார்ப்பதும் உண்டு. மூன்று வயதுக் குழந்தைகளுக்கே சமமாகப் பகிர வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. ஆனால் தன் கையில் இருப்பதைக் கொடுக்கச் சொன்னால் கை வராது. அமெரிக்கக் குழந்தைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. தனக்குக் குறைவாகக் கிடைத்தால் 4 வயதுக் குழந்தையே வேண்டாம் என்று மறுத்தது. தனக்கு அதிகமாகக் கிடைப்பதையும் மறுத்தவர்கள் 8 வயதுக்காரர்கள்தான். எனவே பெரிய பங்கை வாங்கிக்கொண்டு கமுக்கமாக இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையைச் 'சுயநலக்காரன்' என்று திட்டாதீர்கள்.

அடுத்தது, பார்க்காத சண்டைக்குத் தீர்ப்பு சொல்வது. யார் ஆரம்பித்தது என்று விசாரிக்கத் தொடங்கினால், நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைதான் ஜெயிக்கும். இருவருக்கும் சேர்த்துத் தண்டனை கொடுத்தால் தப்பே செய்யாதவரும் மாட்டிக்கொள்வார். "நான் பார்க்கவில்லை" என்று ஒப்புக்கொண்டு இருவர் சொல்வதையும் கேளுங்கள். சண்டைக்குக் காரணமான பொருள், அவர்கள் ஒரு வழி சொல்லும்வரை உங்களிடமே இருக்கட்டும். பிரிக்கக்கூடிய பொருளாக இருந்தால் ஒருவர் பிரிக்க, மற்றவர் முதலில் எடுக்கலாம்.

சாப்பிடும்போது போன் கூடாது என்று சொல்லிவிட்டு அப்பா போன் பார்த்துக்கொண்டிருப்பது, பாத்திரம் கழுவ மகளை மட்டும் கூப்பிடுவது: இவற்றையெல்லாம் பிள்ளைகள் நம்மிடம் சொல்லாமலே குறித்து வைத்துக்கொள்வார்கள்.

எல்லா விதிகளையும் நாமே போடுவதும் பிழைதான். கோலி விளையாடும் பிள்ளைகளைக் கவனித்த உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் இதைப் பற்றி எழுதினார்: சின்னவர்களுக்கு விதி என்பது பெரியவர்கள் வைத்தது, மாற்றவே முடியாதது, வளர வளர, எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்று அவர்களுக்குப் புரிகிறது. ஆகவே ஜன்னலோர இருக்கை யாருக்கு என்பது போன்ற சண்டைகளுக்கு, பத்து வயதை எட்டியவர்கள் தாங்களே விதி போட்டுக்கொள்ளட்டும். உங்களுக்கு அது அபத்தமாகத் தெரியலாம். இருவரும் சரி என்றால் தலையிடாதீர்கள்.