கண்ணாடி ஜாடிகளை லாரியில் அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆண்டு நாங்கள் அனுப்பிய ஊறுகாய்ப் பெட்டி ஒன்று திரும்பி வந்தது. அடிப்பக்கம் நல்லெண்ணெயில் ஊறிப்போய், தூக்கியதும் அட்டை கையோடு பிய்ந்து வந்தது. உடைந்தவை இரண்டே ஜாடிகள், அடுத்தடுத்து நின்றவை. இடையில் இருந்தது ஒரு சுற்றுச் செய்தித்தாள் மட்டும்.

அதுதான் முதல் தவறு. செய்தித்தாள் லாரியின் குலுக்கலில் நசுங்கிக்கொண்டே போகும். கட்டும்போது இறுக்கமாக இருந்த பெட்டி, போய்ச் சேருவதற்குள் கலகலத்துவிடும். ஒவ்வொரு ஜாடிக்கும் தனி அறை அமையும்படி அட்டைத் தடுப்பு வையுங்கள். அது ஜாடியின் தோள் உயரத்துக்காவது வர வேண்டும். அடியிலும் மேலும் மெத்தை போல ஓர் அடுக்கு வேண்டும். ஒட்டிய பிறகு பெட்டியை இரு கைகளாலும் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால், சோம்பல் படாமல் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

அட்டைப்பெட்டியின் பலம் பெரும்பாலும் அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. செங்கல் சுவர் போல மாற்றி மாற்றி அடுக்கினால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுவில் அழுத்தும். மூலைக்கு மேல் மூலை வரும்படி அடுக்குங்கள்; பேலட்டுக்கு (பெட்டிகளை அடுக்கி வைக்கும் அடித்தட்டு) வெளியே விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் வைக்கோல் வேண்டாம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் பூச்சி, நோய் பரவும் என்று அதை அனுமதிப்பதில்லை.

பில்லில் 'கண்ணாடிச் சாமான்' என்று பொதுவாக எழுதிவிடுவதும் பலர் செய்யும் தவறு. சரக்கு அடைக்கப் பயன்படும் காலி ஜாடி, பாட்டில் ஆகியவற்றுக்கு எச்எஸ்என், அதாவது சரக்கை வகைப்படுத்தும் குறியீட்டு எண், 7010. மேசையில் வைக்கும் தம்ளரும் கிண்ணமும் 7013. ஆய்வகக் குடுவை 7017. அதே 7010 ஜாடியில் தேன் நிரப்பி அனுப்பினால், சரக்கு தேன் ஆகிவிடுகிறது, எண் 0409. வழக்கமான உறை, உள்ளே இருக்கும் பொருளோடு சேர்த்தே வகைப்படும் என்பது சுங்க விதி. காலி ஜாடியும் நிரப்பிய ஜாடியும் ஒரே லாரியில் போனால் பில்லில் தனித்தனிப் பதிவாக எழுதுங்கள்.

லாரி ரசீதில் மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, லாரி நிறுவனம் கூடுதல் பொறுப்பு ஏற்பதற்கான கட்டணத்துக்கு நீங்கள் வெளிப்படையாகச் சம்மதிக்காவிட்டால் இழப்பீட்டுக்கு வரம்பு உண்டு. பதிவு செய்யும்போதே அந்தக் கட்டணத்தைக் கேட்டு, உண்மையான மதிப்பை எழுதி, ரசீதை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.