படுவான்கரையைக் கடலில் மூழ்கடிக்காமல் வரைவது எப்படி?

முதன்முதலாக இலங்கையின் நிலவுருவைக் கணினியில் முப்பரிமாணமாக வரைந்தபோது மலைநாடு கம்பீரமாக எழுந்து நின்றது. மட்டக்களப்பைத்தான் காணவில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையும் நடுவே வாவியும் மேற்கே படுவான்கரை வயல்களும் கடலோடு கடலாகக் கிடந்தன. தரவில் பிழையில்லை, உயரத்தை வெளிர்-கருமையாகக் காட்டும் உயரப்படத்தை 8 பிட்டில் சேமித்தது என் பிழை. 8 பிட்டில் 256 படிகளே உண்டு. நாட்டின் அதியுயர் சிகரமான பிதுருதலாகலையின் 2,524 மீற்றரை அதற்குள் அடக்கினால் ஒரு படி ஏறக்குறைய 10 மீற்றர். எங்கள் கரையோரத்தில் 10 மீற்றர் மேட்டை எங்கே போய்த் தேடுவது?

முதலில் தரவு. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் ரேடாரால் பூமியை அளந்தது. அந்த எஸ்ஆர்டிஎம் தரவை நாசாவின் ஏர்த்டேட்டா தளத்தில் கணக்குத் திறந்து இலவசமாக இறக்கலாம். கோப்பின் பெயர் அதன் தென்மேற்கு மூலையைச் சொல்லும். வடக்கு 7, கிழக்கு 81 என்ற ஒரே கோப்பில் மட்டக்களப்பு நகரமும் அம்பாறை நகரமும் அடங்கிவிடும். 3601 × 3601 புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி ஏறக்குறைய 30 மீற்றர்.

கோப்பைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச நிலப்பட மென்பொருளில் திறவுங்கள். ஒவ்வோர் உயரமும் இரண்டு பைட். அவற்றில் பெரிய மதிப்பைத் தாங்கும் பைட் முன்னால் வரும். இதை அறியாத மென்பொருள் தலைகீழாக வாசித்தால் 7 மீற்றர் மேடு 1,792 மீற்றர் மலையாகிவிடும்! பழைய பதிப்பென்றால் அளவு கிடைக்காத இடங்களில் -32768 என்றிருக்கும். அவற்றை 'ஃபில் நோடேட்டா' கருவியால் நிரப்பாவிட்டால் பாதாளக் கிணறுகள் தோன்றும்.

அடுத்து, கிடைத்தளம் பாகையிலும் உயரம் மீற்றரிலும் இருப்பதால் இரண்டும் ஒட்டாது. கிடைத்தளத்தையும் மீற்றரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு வலயத்துக்கு (அதன் குறியெண் 32644) மாற்றி, சரிந்த ஓரங்களை வெட்டிவிடுங்கள்.

இனித்தான் சமதரைக்காரருக்கு உண்டான தலையிடி. உயரங்கள் முழு மீற்றர்களில் இருப்பதால் வயல்வெளி படிக்கட்டாகத் தெரியும். அதை வரம்பு என்று எண்ணி ஏமாறாதீர்கள். தரவை 32 பிட் தசம எண்ணாக மாற்றிய பிறகே லேசாக மழுக்குங்கள். முழு எண்ணிலேயே மழுக்கினால் படிகள் மீண்டும் வந்துவிடும். தென்னந்தோப்புகள் நிலமேடுபோல் தெரிந்தால் அதுவும் இயல்பே. ரேடார் பல இடங்களில் ஓலையில் பட்டே திரும்பியது. நான் அவற்றை அப்படியே விட்டுவிடுகிறேன்.

வாவிக்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் நீரெல்லையை எடுத்து, அதற்குள் உயரத்தை -2 என நிரப்புங்கள். இது உண்மையான ஆழமல்ல, கரை தெளிவாகத் தெரிவதற்கான உபாயம்.

கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கணிப்பானில் (உயரம் + 10) × 20 எனக் கணித்து 16 பிட் பிஎன்ஜியாகச் சேமியுங்கள். வாவி 160, கடல்மட்டம் 200, 7 மீற்றர் மேடு 340. ஒரு படி 5 சென்றிமீற்றர்தான். இலங்கையின் அதியுயர் சிகரமும் 65,535க்குள் அடங்கும்.

இந்தப் படத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஏற்றும்போது அதன் நிறவெளியை 'நான்-கலர்' ஆக்க மறக்காதீர்கள். மறந்தால் தாழ்நிலம் மீண்டும் நசுங்கும். ஓர் அலகு ஒரு கிலோமீற்றர் என்றால், படத்தின்படி தளத்தை உயர்த்தும் டிஸ்பிளேஸ்மென்ட்டின் வலு 3.277, கடல்மட்டத்தைக் குறிக்கும் நடுமட்டம் 0.003. உண்மை அளவில் எங்கள் நிலம் பாய் விரித்ததுபோல் இருக்கும்; வெளிச்சத்தைச் சாய்த்து வைத்து, உயரத்தை மூன்று நான்கு மடங்காக்குங்கள். அதற்கு மேல் போனால் குடும்பிமலையின் குடும்பி விறைத்துக்கொண்டு நிற்கும்.