மரங்கொத்திக் கூட்டில் எத்தனை தேறியது: கணக்கெடுக்கும் முறை

தென்னந்தோப்புகளில் சாதாரணமாகக் காணும் பொன்முதுகு மரங்கொத்தியை வைத்துச் சொல்கிறோம். பிப்ரவரி முதல் ஜூலை வரை இனப்பெருக்கக் காலம்; ஜனவரி கடைசியிலேயே தேடத் தொடங்கினால்தான் கூட்டை முட்டைக்கு முன்பே பிடிக்கலாம்.

குருத்து செத்த மொட்டைத் தென்னைகளை முதலில் பாருங்கள். அடியில் புதிய தும்பும் தூளும் சிதறியிருந்தால், பொந்தின் விளிம்பும் வெளுப்பாக இருந்தால், வேலை நடக்கிறது. ஆனால் பொந்தெல்லாம் கூடல்ல. இரவில் தங்க மட்டும் பயன்படும் பொந்தில் பகலில் நடமாட்டம் இருக்காது. காலை 7 மணியிலிருந்து ஒரு மணி நேரம், 25 மீட்டராவது தள்ளி உட்காருங்கள். ஒன்று உள்ளே போக, மற்றது வெளியேறினால் அடைகாப்பு நடக்கிறது என்று கொள்ளலாம். ஆணுக்கு உச்சி முழுக்கச் சிவப்பு. பெண்ணுக்கு முன்நெற்றி கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். பறவை கத்திக்கொண்டே பொந்துக்குள் போகாமல் தயங்கினால் நீங்கள்தான் காரணம், இன்னும் பின்வாங்குங்கள்.

உள்ளே பார்க்க, செல்போனில் இணையும் 5.5 மில்லிமீட்டர் குழாய்க் கேமரா போதும். அதைத் தேங்காய் பறிக்கும் நீளக் கம்பின் நுனியில் கட்டலாம். பொந்து முதலில் நேராகப் போய்ப் பிறகு கீழே இறங்கும். நுனியை வளைத்து வைக்காவிட்டால் எதிர்ச்சுவர்தான் தெரியும். அரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். பொந்து கொத்தும்போது வேண்டாம், கைவிட்டுவிடும். குஞ்சு பொரித்து 15 நாள் தாண்டினாலும் வேண்டாம், பறக்கத் தெரியாமலே வெளியே குதிக்கும். பட்டுப்போன மரத்தில் ஏணி சாய்க்காதீர்கள். அலுமினியக் கம்பு என்றால் முதலில் மின்கம்பி எங்கே என்று பாருங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பறவைக் கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான். வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவைத் தொடாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தே பாதி வேலை முடியும்.

3 நாளுக்கு ஒருமுறை பாருங்கள். முட்டை பெரும்பாலும் 3. 11 நாளில் பொரியும், சுமார் 20 நாளில் குஞ்சு வெளியேறும். பொரித்த 17-ஆம் நாளிலிருந்து தினமும் போய் வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். காலிப் பொந்தைப் பார்த்ததும் ‘வெற்றி’ என்று எழுதுவதுதான் எங்கும் நடக்கும் தவறு. கிளியோ மைனாவோ பிடுங்கிக்கொண்டிருக்கலாம், சாரைப்பாம்பு தின்றிருக்கலாம். பக்கத்து மரங்களில் பெற்றோருடன் இளம்பறவை தெரிந்தால் மட்டுமே வெற்றி.

சதவீதத்திலும் ஏமாறலாம். 10 கூட்டில் 6 தேறினால் 60 சதவீதம் என்று தோன்றும். ஆனால் நீங்கள் பார்க்கும் முன்பே அழிந்த கூடுகள் அதில் சேரவில்லை. அதனால் 1961-இல் அமெரிக்கப் பறவை ஆய்வாளர் மேஃபீல்டு சொன்ன முறையில் நாள் கணக்கு எடுங்கள். அந்த 10 கூடுகளையும் கண்காணித்த நாட்களைக் கூட்டினால் 200 வந்து, அதில் 4 கூடு அழிந்தால், ஒரு நாள் தப்பும் வாய்ப்பு 1 − 4/200 = 0.98. அடைகாப்பும் குஞ்சுக்காலமும் சேர்ந்து 31 நாள், 0.98-ஐ 31 முறை பெருக்கினால் சுமார் 0.53. அதாவது 53 சதவீதம்தான்.

எந்த நாளில் அழிந்தது என்று தெரியாவிட்டால் கடைசி இரண்டு வருகைகளுக்கு நடுநாளை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவே தெரியாத கூட்டைத் தூக்கி எறியாதீர்கள். உயிருடன் கடைசியாகப் பார்த்த நாள் வரை அதன் நாட்களும் கணக்கில் சேரும்.