பூனை விரதம் இருப்பதில்லை

எங்கள் அப்பத்தா வீட்டில் பூனை சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால், "அது விரதம் இருக்கு, நாலு புல்லைத் தின்னா தானாச் சரியாப் போயிரும்" என்று சொல்லிவிடுவார்கள். காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பூனை வளர்க்கிறவர்களிடம் பேசும்போது இன்றும் அதே பேச்சைக் கேட்கிறேன். நோயைவிட இந்த நம்பிக்கைதான் நம் வீட்டுப் பூனைகளை அதிகம் கொல்கிறது என்று நினைக்கிறேன்.

பூனையின் உடம்பு பட்டினிக்கு ஏற்றதல்ல. இரண்டு மூன்று நாள் இரை இறங்காவிட்டால், உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேரும். ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது. காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகும். கொழுகொழுவென்று இருக்கும் பூனைக்குத்தான் இது சீக்கிரம் வரும். "உடம்பு இருக்கே, தாங்கும்" என்று விட்டுவிடுவது தவறாவது அதனால்தான். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். குட்டி என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

சாப்பிடவில்லை என்பது முதலில் நமக்குத் தெரிய வேண்டுமே. எங்கள் செட்டிநாட்டு வீடுகளோ பெரியவை: முன்தெருவில் முகப்பு, நடுவில் முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, பின்தெருவில் கொல்லை வாசல். போதாததற்குப் பக்கத்திலேயே பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று. பூனை எலியை வேட்டையாடும் என்றாலும், பூனையையே துரத்திப் பிடிக்க நாய்கள் இருக்கின்றன. அதனால் வலியை வெளியே காட்டாமல் ஒதுங்கிப் படுப்பது அதன் பிறவிக்குணம். "எங்கேயோ சுத்திட்டு வரும்" என்று நாம் இருக்கிற மூன்று நாளும் அது பரண்மேல் வாடிக் கிடக்கும். எந்நேரமும் தட்டில் சோறு போட்டு வைக்கும் பழக்கத்தை விடுங்கள். காலையில் ஒரு நேரம், மாலையில் ஒரு நேரம் என்று கூப்பிட்டுப் போடுங்கள். கூப்பிட்டும் வராத பூனையை அன்றைக்கே தேடுங்கள். அப்புறம், மாதம் ஒரு முறை அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது 60 கிலோ ஆள் 6 கிலோ இளைத்ததற்குச் சமம்.

அடுத்தது பால்சோறு. அந்தக் காலத்துப் பூனைக்குப் பால்சோறு ஒரு கொசுறுதான். நெல் வைத்த அறையில் எலி, கொல்லையில் அணில், ஓணான் என்று அதன் உண்மையான சாப்பாடு வேறிடத்தில் நடந்தது. இப்போது ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட வீட்டில், வெளியே காலே வைக்காத பூனைக்கும் அதே பால்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் வைக்கிறோம். டாரின் என்று ஒரு சத்து. பூனையின் உடம்பு அதைப் போதிய அளவு தயாரித்துக்கொள்ளாது. இறைச்சியிலும் மீனிலும்தான் அதற்குக் கிடைக்கும். அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கும். பூனையின் இந்த இதய நோய்க்கு டாரின் குறைவுதான் காரணம் என்பதை 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பிறகே, கடையில் விற்கும் பூனை உணவில் அதன் அளவைக் கூட்டினார்கள். பால் விஷயமும் அப்படித்தான். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது செரிப்பதில்லை, கழிச்சல் வரும்.

"அதான் கறி போடுறோமே" என்பார்கள். போடுவது குழம்புச் சட்டியில் மிஞ்சியதை. நம் ஊர்க் கோழிக் குழம்பு சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் நடக்காது. இரண்டுமே பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. வெந்த பிறகும் அந்தக் குணம் போவதில்லை. மசாலா கூட்டுவதற்கு முன்பே பூனைக்கென்று கொஞ்சம் கறியை வெறுமனே வேகவைத்து எலும்பில்லாமல் எடுத்து வைத்துவிடுங்கள். மீன் என்றால் முள் எடுத்து. ஆனால் கறியை மட்டுமே போட்டாலும் சுண்ணாம்புச் சத்து குறையும். தினம் ஒரு வேளையாவது பூனைக்கென்றே தயாரித்த உணவு கொடுப்பது நல்லது.

இனி, நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிற ஒரு விஷயம். எங்களிடம் செவலை என்று ஒரு கடுவன் (ஆண் பூனை) இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து மணல் தட்டுக்குப் போவதும், முக்குவதும், ஒன்றும் போகாமல் திரும்புவதுமாக இருந்தது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தோம். ஞாயிறு சாயங்காலம் வாந்தி எடுத்தது. இரவில் கால்கள் சில்லிட்டன. திங்கள் காலை தூக்கிக்கொண்டு ஓடினோம், வழியிலேயே அடங்கிவிட்டது. மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார், அடைத்திருந்தது மூத்திரம் என்று.

கடுவன் பூனையின் மூத்திரக் குழாய் மிகக் குறுகலானது. மணல்போன்ற உப்புப் படிகங்களும் சளிபோன்ற கசடும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அடைத்ததும் சிறுநீரகம் வேலையை நிறுத்தும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் நிற்கும். முழு அடைப்பு என்றால் 24 முதல் 48 மணி நேரத்தில் உயிர் போகலாம். தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவது, முக்கும்போது கத்துவது, மறைவிடத்தை நக்கிக்கொண்டே இருப்பது, சொட்டுச் சொட்டாகவோ ரத்தம் கலந்தோ வருவது, இதில் எதைக் கண்டாலும் மணி என்ன என்று பார்க்காமல் கிளம்புங்கள். முக்குகிற கடுவனுக்கு மூத்திர அடைப்பு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை அதை மலச்சிக்கல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செவலைக்கு அந்தச் சனிக்கிழமையே மூத்திரம் எடுக்கக் குழாய் போட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று இன்றும் மனம் சொல்கிறது.

இந்த அடைப்புக்குத் தண்ணீர்ப் பற்றாக்குறையும் ஒரு காரணம். வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்த பிராணி, தாகம் எடுத்துக் குடிப்பது குறைவு. உலர் உணவு மட்டும் கொடுத்தால், அதிலும் நம் சித்திரை வெயிலில், மூத்திரம் கெட்டிப்படும். உணவில் தண்ணீரோ உப்பில்லாத கறி வேகவைத்த நீரோ கலந்து கொடுங்கள். வளவில் ஒன்று, அடுப்படிப் பக்கம் ஒன்று என்று இரண்டு மூன்று இடத்தில் கிண்ணம் வையுங்கள். இதற்கு நேர்மாறாக, வயதான பூனை திடீரென்று நிறையக் குடித்து நிறைய மூத்திரம் போனால், "வெயிலுக்குக் குடிக்குது" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ இருக்கலாம். ரத்தப் பரிசோதனை தேவை.

காய்ச்சல் மாதிரி இருந்தால் பாராசிட்டமாலில் பாதியை உடைத்துக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பாகும் அல்லது நீலம் பாரிக்கும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அதுவும் விஷம்தான். தடவிய சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வரும். சொறிக்கு மண்ணெண்ணெய் தடவுவதும் அப்படியே. பூனை தன் உடம்பில் பட்டதையெல்லாம் நக்கி விழுங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை ஃபினாயில் போட்டுத் துடைத்துவிட்டு, ஈரம் காயுமுன் பூனையை நடக்கவிட்டால் அதுவும் பாதத்திலிருந்து நாக்குக்குப் போகும்.

குட்டிகளைக் கூட்டத்தோடு வாரிக்கொண்டு போவது பான்லூகோபீனியா என்ற தொற்றுநோய். பார்வோ வகை வைரஸ். வாந்தி, கழிச்சல், தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டுக் குடிக்காமலே உட்கார்ந்திருப்பது இதன் அடையாளம். இந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம்கூட உயிரோடிருக்கும், ஃபினாயிலுக்குச் சாகாது. ஒரு குட்டி இதில் போய்விட்டது என்றால் அது புழங்கிய பாயையும் துணியையும் எரித்துவிடுங்கள். தடுப்பூசி போடாத புதுக் குட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம்வரை தடுப்பூசி போட வேண்டும். வெறிநாய்க்கடி தடுப்பூசி 12 வாரம் ஆனபின். பூனை கடித்தாலோ கீறினாலோ நீங்களும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுப் பூனைதானே என்று இருக்காதீர்கள்.

சளி பிடித்த பூனை மூக்கடைத்து வாசனை தெரியாமல்தான் சாப்பாட்டை ஒதுக்குகிறது. மூக்கைத் துடைத்துவிட்டு மீனை இளஞ்சூடாக்கி வைத்தால் பல சமயம் தொடும். கண்ணில் பீளை என்றால் வீட்டில் கிடக்கும் சொட்டு மருந்தைப் போடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் விழிப்புண் பெரிதாகும். பூக் கட்டுகிற நூலும் ஆபத்து. விழுங்கிய நூல் வாயிலோ ஆசனவாயிலோ தொங்கினால் இழுக்கவே கூடாது, குடல் அறுந்துவிடும். நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனைக்கு இதயமோ நுரையீரலோ தடுமாறிக்கொண்டிருக்கலாம். தூங்கும் பூனையின் மூச்சை எண்ணிப் பழகுங்கள். நிமிடத்துக்கு 30க்குமேல் திரும்பத் திரும்ப வந்தால் காட்டிவிடுங்கள்.

நம் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகளில் மாடும் ஆடும்தான் அதிகம் வரும். எங்கே பூனைக்குக் குழாய் போடுவார்கள், எங்கே இரவில் திறந்திருக்கும் என்பதைப் பூனை நன்றாக இருக்கும்போதே விசாரித்து எழுதி வையுங்கள். பெரிய சிகிச்சைக்குத் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூடியுள்ள கூடையில் பழைய துண்டு விரித்து, மேலே துணி போர்த்திக் கொண்டுபோனால் பூனை அமைதியாக வரும். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது மூத்திரம் போனது என்று நேரத்தோடு சொல்லுங்கள். நீங்களாக ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாராசிட்டமாலின் விஷத்தை முறிக்க மருந்து இருக்கிறது. முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்கினால் காப்பாற்ற வழியுண்டு.