கிரானைட் தூசியை பிளேடிலேயே அடக்குவது எப்படி?

சமையல் மேடைக்குக் கல் அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் புழுதிக்கு நடுவே ஒருவர் கட்டரைப் பிடித்திருப்பார். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. வியர்வை துடைக்க அந்தத் துண்டு நல்லது. கல்லில் இருக்கும் சிலிக்கா என்ற தாதுவின் தூசியை அது தடுக்காது. நுரையீரலின் அடிவரை போகும் துகள்கள் கண்ணுக்கே தெரியாதவை. அவற்றால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்தும் இல்லை. அதனால் தூசி கிளம்பும் இடத்திலேயே வேலையை ஆரம்பிப்போம்.

1. கட்டருக்கு முன்னால் டேப்பை எடுங்கள். வீட்டில் அட்டையை வெட்டி மாதிரி எடுத்துப் போய், சிங்க் ஓட்டை, அடுப்பு ஓட்டை எல்லாவற்றையும் கல் கடையிலேயே, தண்ணீர் ஓடும் பெரிய மெஷினில் அறுத்து வாங்குங்கள். வெறும் அளவை மட்டும் நம்ப வேண்டாம். எந்த வீட்டில் மூலைமட்டம் சரியாக நிற்கிறது?

2. கல்லை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மார்பிளில் சிலிக்கா மிகக் குறைவு, ஆனால் புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்துவிடும். குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல்லில் பல ரகங்களில் சிலிக்கா 90 சதவீதத்தைத் தொடும். ஆஸ்திரேலியா இதை 2024 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது. என்னைக் கேட்டால் கிரானைட்டே போதும்.

3. மிச்சமிருக்கும் அறுப்பைத் தண்ணீரோடு செய்யுங்கள். தரையில் தெளிப்பதில் பயனில்லை. பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் விடாமல் விழ வேண்டும். இங்கேதான் புது ஆபத்து ஒன்று நுழைகிறது: கரண்ட். சாதாரண ஆங்கிள் கிரைண்டரில் தண்ணீர் விடவே கூடாது. தண்ணீர்க் குழாய் இணைப்போடு வரும் கட்டரை வாங்கி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் மாட்டுங்கள். பிளக்கும் ஒயரும் ஈரத்தில் கிடக்கக் கூடாது.

தண்ணீர் விட முடியாத இடமா? வாக்குவம் பொருத்திய கட்டர் இருக்கிறது. தூசியை அது பிறக்கும் இடத்துக்கு முடிந்தவரை அருகிலேயே உறிஞ்ச வேண்டும் என்பது 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவிலேயே இருந்தது.

4. சேற்றைக் காயவிடாதீர்கள். காய்ந்தால் அது மறுபடி தூசிதான். ஈரமாக வழித்து எடுங்கள், துடைப்பம் வேண்டாம்.

5. அப்புறம்தான் மாஸ்க். என்95, முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையாக ஒட்டினால் தண்ணீர் பத்தவில்லை. குழாயை பிளேடுக்கு இன்னும் நெருக்கிக் கட்டுங்கள்.